அம்மாவுக்கு ஆவாரம்பூ வாங்கப் போனபோது

அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. இனிப்பு தூக்கலாகப் போட்ட சாயங்கால டீயை மட்டும் விடவே மாட்டேன் என்பார். அதற்குப் பதிலாக ஆவாரம்பூ கொடுத்துப் பார்க்கலாம் என்று சென்னை ராசப்பச் செட்டி தெருவுக்குப் போனேன். தெரு முழுக்க நாட்டுமருந்துக் கடைகள்தான்.

நான் கேட்டது ஆவாரம்பூ, அதிமதுரம், சுக்கு, ஏலக்காய் சேர்த்து அரைத்த பொடி. கடைக்காரப் பெரியவர் எடுப்பதற்கு முன்னால், "யாருக்கும்மா?" என்றார். சொன்னேன். "பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறாங்கன்னா அதிமதுரம் வேணாம். தனிப் பூவா எடுத்துக்கோங்க" என்று பொடியைத் திரும்ப வைத்துவிட்டார். அம்மாவின் டாக்டரும் அதையே சொன்னார். அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தை ஏற்றுமாம். விற்க வந்த பொருளையே வேண்டாம் என்ற அந்தப் பெரியவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

பூவை ஒரு காகிதத்தில் கொட்டிக் காட்டினார். நல்ல சரக்கில் மஞ்சள் நிறம் மங்கினாலும் தெரியும். காம்பும் குச்சியும் குறைவாக இருக்கும். பழைய சரக்கு பழுப்பேறித் தூசி வாடை அடிக்கும். பொடியாக வாங்கினால் இதெல்லாம் நமக்குத் தெரியவே தெரியாது.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை பூ, நாலு கொதி, வடிகட்டினால் சரி. லேசாகத் துவர்க்கும். பலர் கருப்பட்டி போடச் சொல்வார்கள். சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான், போடாதீர்கள். மாத்திரையை நிறுத்தக் கூடாது, சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் டாக்டர் சொன்னார். அப்படியே செய்கிறோம்.

என்னைக் கவலைப்படுத்துவது, எடை குறையும் என்று சொல்லி விற்கும் 'ஸ்லிம்மிங் டீ'. அலுவலகத் தோழி ஒருத்தி அதைத் தினமும் குடித்தாள். வயிற்றுவலி, ஓயாத பேதி. பெட்டியை வாங்கிப் பார்த்தேன், பொடி எழுத்தில் 'சென்னா' என்று இருந்தது. நம் நிலாவாரைதான் அது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து 'டின்னவெல்லி சென்னா' என்ற பெயரிலேயே வெளிநாடு போகிறது. மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் எடுக்கும் பேதிமருந்து. எடை குறைந்ததாகத் தெரிவது தண்ணீர் போவதால்தான், கொழுப்பு கரைவதில்லை. விஷயம் தெரிந்த அன்றே நிறுத்திவிட்டாள். வயிறு பழையபடி ஆகக் கொஞ்சம் நாள் பிடித்தது. இப்போது மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெறும் சீரகத் தண்ணீர்தான் குடிக்கிறாள்.