நம்மைப் போலவே பை வைத்திருப்பவரை முதலில் சந்தித்தது எப்போது?

ஐலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றில் ஸ்டோமா என்ற திறப்பாக வெளியே கொண்டுவந்து, மலம் பையில் சேரச் செய்யும் அறுவை) உள்ளவர்:
அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு எழுந்த சந்தேகங்களில் பாதி, டாக்டரிடம் கேட்கவே கூச்சமானவை. நாலு பேர் இருக்கும் இடத்தில் சத்தம் வந்தால் என்ன செய்வது? தூக்கத்தில் பை பிதுங்கினால்? ஸ்டோமா நர்ஸ்தான் ஆதரவுக் குழுவுக்குப் போய்ப் பாருங்கள் என்றார். அங்கே பக்கத்தில் இருந்த ஓர் அக்கா வெகுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு, தனக்கும் ஸ்டோமா இருக்கிறது என்றார். அதுவரை எனக்குத் தெரியவே இல்லை! "வெளியே தெரியாது" என்று எத்தனையோ பேர் ஆறுதல் சொல்லியிருந்தார்கள், அன்றைக்குத்தான் நம்பினேன். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்துவிடு, கனம் ஏறினால் ஒட்டு விட்டுப்போகும் என்றும் சொன்னார். நர்ஸும் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வலி மயக்கத்தில் எது மனதில் நின்றது?

குழுவில் பல ஆண்டுகளாக இருப்பவர்:
நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். ஒரு தம்பி வந்தான், முகமே வாடிப்போய். ஓயாத கசிவு, ஸ்டோமாவைச் சுற்றித் தோல் வெந்து புண். வெளியே போவதையே நிறுத்திவிட்டான். "கடைசியா எப்ப அளந்தீங்க?" என்று கேட்டேன். மறுபடி அளக்க வேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அறுவைக்குப் பின் வீக்கம் வற்றி, முதல் 6 முதல் 8 வாரங்களில் ஸ்டோமா சுருங்கும். பையைத் தோலில் ஒட்டவைக்கும் பேஸ் பிளேட்டில் துளை பழைய அளவிலேயே இருந்தால் இடைவெளியில் மலம் தோலில் படும்; ஐலியோஸ்டமியில் அது செரிமான நொதிகளோடு வருவதால் தோலை அரித்துவிடும். நர்ஸிடம் அனுப்பினோம், அளவை மாற்றினார், புண் ஆறியது. இப்போது புதிதாக வருபவர்களுக்கு அவனே அளவெடுக்கக் கற்றுக்கொடுக்கிறான்.

நோயாளிக்கு நோயாளியே இப்படி உதவுவது புதிய வழக்கமல்ல. பெருங்குடலில் புண் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயால் தனக்கும் ஐலியோஸ்டமி ஆகியிருந்த நார்மா கில் என்ற பெண்ணை, 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவமனையில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் மற்ற நோயாளிகளுக்கு உதவ வேலைக்கு அமர்த்தினார். இன்றைய ஸ்டோமா நர்ஸ் என்ற தொழிலே அங்கிருந்துதான் வளர்ந்தது.

யூரோஸ்டமி (சிறுநீர் வயிற்றுத் திறப்பு வழியே பையில் சேரச் செய்யும் அறுவை) ஆனவரின் மனைவி:
என் கணவர் யாரோடும் பேசமாட்டார், பையை நான்தான் மாற்றுவேன். குழுவில் ஓர் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "அவர் கையாலேயே செய்யட்டும்மா, நீ பக்கத்துல நில்லு போதும்" என்றார். மனசு கேட்கவில்லை, ஆனாலும் விட்டுக்கொடுத்தேன். இப்போது ராத்திரிப் பையை இணைப்பதுவரை எல்லாம் அவரே.

குழுவில் பல ஆண்டுகளாக இருப்பவர்:
அம்மா சொன்னது சரியான வார்த்தை. ஒன்று மட்டும்: ஸ்டோமா கறுத்துப்போனாலோ, ஐலியோஸ்டமியில் வெளியேற்றம் நின்று வயிற்றுவலியும் வாந்தியும் வந்தாலோ, எங்கள் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அங்கிருந்து கூப்பிடுங்கள், நாங்கள் வருகிறோம்.