மூன்று கேமிங் கணினிகள், மூன்று பட்ஜெட்: எந்தப் பாகத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது?

கேள்வி

வணக்கம். மூன்று கேமிங் கணினிகளைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டித் தரும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். தம்பிக்கான தொகையை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், எனக்கானது இரண்டு பங்கு, பெரியப்பா மகனான அண்ணனுக்கானது நான்கு பங்கு. தம்பி 1080பி திரையில் போட்டி வகைச் சுடும் விளையாட்டுகளை மட்டுமே ஆடுவான். நான் 1440பி திரையில் கதையம்சமுள்ள பெரிய விளையாட்டுகளை ஆடுவேன். அண்ணன் 4கே திரையை ஏற்கெனவே வாங்கிவிட்டார்.

மூன்றிலும் பிராசசருக்கு மூன்றில் ஒரு பகுதி, கிராபிக்ஸ் கார்டுக்கு மூன்றில் ஒரு பகுதி, மற்றவை எல்லாவற்றுக்கும் மீதி என்று கணக்குப் போட்டிருக்கிறேன். தம்பியிடம் பழைய பி450 மதர்போர்டு இருப்பதால், அதில் ரைசன் 5 5600 பிராசசரையும் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டையும் போட எண்ணம். அண்ணனுக்கு ரைசன் 7 7800எக்ஸ்3டி. இந்தக் கணக்கு சரிதானா?

பதில் 1

மூவருக்கும் ஒரே விகிதம் என்பதுதான் உங்கள் கணக்கில் உள்ள பிழை. விகிதத்தைத் தீர்மானிக்க வேண்டியது திரையே அன்றி, கையில் உள்ள தொகை அன்று. 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 1440பி திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம், அதாவது தம்பியின் திரையைப் போல் நான்கு மடங்கு. எதிரிகளின் நகர்வு, மோதல் கணக்குகள், எதை வரைய வேண்டும் என்ற கட்டளைகள் ஆகியவற்றைத் தயாரிக்கும் பிராசசரின் வேலை திரை பெரிதானாலும் ஏறக்குறைய மாறுவதில்லை. பிக்சல்களை நிரப்பும் கிராபிக்ஸ் கார்டின் வேலைதான் ஏறிக்கொண்டே போகிறது.

தம்பியின் நிலை இதற்கு நேர்மாறானது. போட்டி விளையாட்டுகளை அவன் குறைந்த செட்டிங்ஸில் ஆடுவான். நொடிக்கு 240 பிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் தனிப்படங்கள்) வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரேமையும் பிராசசர் சுமார் 4.2 மில்லிநொடிக்குள் தயாரித்தாக வேண்டும். ஆகவே பிராசசருக்கும் கார்டுக்கும் சமமாக ஒதுக்கும் உங்கள் முறை ஓரளவு பொருந்துவது அவனுக்கு மட்டும்தான். உங்கள் கணினியில் கார்டுக்கு ஐந்தில் இரண்டு பகுதியும், அண்ணனுடையதில் பாதிக்குக் குறையாமலும் ஒதுக்குவேன்.

7800எக்ஸ்3டி அருமையான பிராசசர்தான். அதன் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேகச் சிறு நினைவகம்) பல விளையாட்டுகளில் பெரிய வேறுபாட்டைத் தரும். ஆனால் 4கே திரையில் கார்டே தடையாக நிற்கும்போது அந்த வேறுபாட்டில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ரைசன் 5 7600 வாங்கிவிட்டு, மிச்சத்தைக் கார்டில் போடுங்கள். ஏஎம்5 சாக்கெட் (மதர்போர்டில் பிராசசரைப் பொருத்தும் இடம்) என்பதால் பிராசசரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

பதில் 2

தம்பியின் கணினியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதே கார்டு, போர்டு சேர்க்கையில் நான் அடிபட்டிருக்கிறேன். 6500 எக்ஸ்டி கார்டு, மதர்போர்டோடு தரவு பரிமாறும் பிசிஐஇ இணைப்பில் நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்தும். நினைவகமும் 4 ஜிபிதான். பிசிஐஇ 4.0 வசதியுள்ள பி550 போன்ற போர்டில் அந்த நான்கு பாதைகளே ஒருவாறு சமாளித்துவிடும். பி450 போர்டோ 3.0 தலைமுறையைச் சேர்ந்தது. அங்கே அதே பாதைகளின் வேகம் பாதியாகிவிடும். கார்டின் நினைவகம் நிரம்பி, தரவுகள் ரேமுக்கும் கார்டுக்கும் இடையே ஓடத் தொடங்கும்போது விளையாட்டு விக்கி விக்கி நடக்கும். காரணம் புரியாமல் நான் முதலில் ரேமை மாற்றிப் பார்த்தேன், பிறகு எஸ்எஸ்டியை மாற்றினேன். வீண் செலவு.

எட்டு பாதைகளும் 8 ஜிபி நினைவகமும் கொண்ட கார்டு கிடைத்தால், அது பழையதாகவே இருந்தாலும், அதையே வாங்குங்கள். பி450 போர்டில் 5600 இயங்கப் புதிய பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) தேவை. எனவே போர்டில் இப்போது இருக்கும் பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. விகிதத்தை மாற்றிக்கொள்கிறேன். என் கணினிக்கு ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டைப் பார்த்துவைத்திருக்கிறேன். அதில் நினைவகம் 8 ஜிபி போதுமா, 16 ஜிபி வேண்டுமா? மேலும், பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்க நினைக்கிறேன். மலிவான பெட்டிகளிலேயே 800 வாட் என்று எழுதியிருக்கிறதே?

பதில் 3

நீங்கள் சொல்லும் வகை விளையாட்டுகளை 1440பி திரையில் ஆடுவதானால் தயங்காமல் 16 ஜிபி. செட்டிங்ஸைக் குறைத்து வேகத்தை மீட்கலாம், நினைவகத்தைப் பின்னால் கூட்ட வழியில்லை.

பவர் சப்ளையில் கை வைக்க வேண்டாம். பெட்டியின் மேல் அச்சிட்ட மொத்த வாட்டைவிட, பக்கவாட்டு ஒட்டுத்தாளில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். கார்டும் பிராசசரும் அங்கிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்றால் கிடைப்பது 360 வாட்தான், வெளியே என்ன எண் இருந்தாலும் சரி. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைச் சொல்லுமே தவிர, உள்ளே பாதுகாப்புச் சுற்றுகள் ஒழுங்காக உள்ளனவா என்பதைச் சொல்லாது. அண்ணனின் பெரிய கார்டு கண நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டி மின்சாரத்தை இழுக்கும். அதைத் தாங்கும்படி வகுக்கப்பட்ட ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 தரமுள்ளதையே அவருக்கு வாங்குங்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வண்ண விளக்குகளிலும் விலையுயர்ந்த மதர்போர்டிலும் பிடியுங்கள்.

பதில் 2

ரேமைப் பற்றி யாரும் பேசவில்லை. 16 ஜிபி குச்சி ஒன்றைவிட 8 ஜிபி குச்சிகள் இரண்டு மேல், ஏனெனில் பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான இரண்டு சேனலும் (தரவுத் தடமும்) வேலை செய்யும். ஆனால் ஏஎம்5 போர்டில் நான்கு இடங்களையும் நிரப்ப ஆசைப்படாதீர்கள்: ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு குச்சிகளோடு 5200 எம்டி/நொடி வரை அதிகாரபூர்வ வேகம் உண்டு, நான்கு போட்டால் அது 3600 ஆக இறங்கிவிடும். அண்ணனின் கணினியை முதன்முறை இயக்கும்போது ரேமைச் சோதித்துப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் ஆகலாம். திரை கறுப்பாகவே இருக்கிறதே என்று பதறி மின்சாரத்தை நிறுத்திவிடாதீர்கள். ரேமின் முழு வேகம் கிடைக்க அண்ணனின் பயாஸில் எக்ஸ்போ என்ற வேக அமைப்பையும், தம்பியின் போர்டில் அதே வகையான எக்ஸ்எம்பியையும் நீங்களே இயக்க வேண்டும். மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்லாமல் கார்டில் செருகி, விண்டோஸில் ரெப்ரெஷ் ரேட்டை (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை) கையால் உயர்த்துங்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை வாங்கி ஓர் ஆண்டு முழுவதும் 60 ஹெர்ட்ஸிலேயே ஆடிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.