உப்புத்தண்ணி நெல்லு ப்ராஜெக்ட்ல "உன் கன்ட்ரோல் எது"ன்னு சார் கேட்டுட்டாரு, யாராவது புரிய வைங்க

மன்னை_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நான் பிஎஸ்சி பாட்டனி முதல் வருஷம், மன்னார்குடி பக்கம். பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அதுல சார்ந்த மாறி, சாரா மாறி, கருதுகோள்னு மனப்பாடம் பண்ணி எழுதிட்டேன், இப்ப கையால ஒரு சோதனை செய்ய சொன்னவுடனே ஒன்னும் ஓடல.

எங்க மாமா வீடு வேதாரண்யம் பக்கம். அங்க கோடையில போர் தண்ணி வாயில வச்சா கரிக்கும். 2004 சுனாமில கடல் தண்ணி வயலுக்குள்ள ஏறுனப்ப அடுத்த போகம் நாத்தே சரியா வரலன்னு மாமா இன்னும் சொல்லிக்கிட்டு இருப்பாரு. அத வச்சுதான் உப்பு நெல்லு முளைப்ப பாதிக்குதான்னு பாக்கலாம்னு எடுத்தேன்.

நான் பண்ணது இதுதான். மூனு பிளாஸ்டிக் டப்பா, அடியில ஈர துணி, ஒவ்வொன்னுலயும் பத்து நெல்லு. நல்ல தண்ணி டப்பாவ சமையக்கட்டுல வச்சேன், ஒரு ஸ்பூன் உப்பு போட்டத திண்ணையில, மூனு ஸ்பூன் போட்டத இடம் இல்லாம மொட்டைமாடில. நல்ல தண்ணிக்கு எங்க வீட்டு ஆடுதுறை 43, மத்த ரெண்டுக்கும் மாமா குடுத்து விட்ட மாப்பிள்ளை சம்பா. அஞ்சாம் நாள் எண்ணுனா 9, 6, 1. ரொம்ப சந்தோஷமா கொண்டு போய் காட்டுனேன். சார் பாத்துட்டு "நீ ஒரே நேரத்துல நாலு விஷயத்த மாத்திருக்கம்மா, இதுல உன் கன்ட்ரோல் எது, ஹைப்பாத்திசிஸ் எது"ன்னு கேட்டாரு, பதில் சொல்ல தெரியல.

கன்ட்ரோல், கன்ட்ரோல் வேரியபிள் ரெண்டும் ஒன்னுதானா? "உப்பு நெல்லை பாதிக்குமா" அப்படிங்கறது ஹைப்பாத்திசிஸ் இல்லையா? அப்புறம் நான் எழுதுற ஹைப்பாத்திசிஸ் தப்புன்னு வந்துட்டா மார்க் போயிடுமா? இது மூனுதான் என் பயம்.

---

செடி_அக்கா:

தங்கச்சி, முதல்ல உன் 9, 6, 1 பத்தி பேசுவோம், மத்ததெல்லாம் அதுக்குள்ளயே இருக்கு.

மாடி டப்பால ஒன்னே ஒன்னுதான் முளைச்சுது. யார் கெடுத்தா? உப்பா இருக்கலாம். மாடி வெயிலா இருக்கலாம். ரகம் வேறங்கறதா இருக்கலாம். மாமா குடுத்த விதை எத்தனை மாசம் மூட்டைல கெடந்ததுன்னு உனக்கு தெரியாது, அதுவாவும் இருக்கலாம். இந்த நாலும் சேந்து வந்துருக்கு, அதுல எதுக்கு எவ்வளவு பங்குன்னு இனிமே எந்த கணக்கு போட்டாலும் பிரிக்க முடியாது, சார் சொன்ன நாலு இதுதான்.

நீ வேணும்னே கைய வச்சு மாத்துறது ஒன்னே ஒன்னா இருக்கணும், அதுதான் சாரா மாறி, உனக்கு உப்போட அளவு. அத மாத்துனதால என்ன ஆச்சுன்னு நீ எண்ணுறது அல்லது அளக்குறது சார்ந்த மாறி, அதாவது எத்தனை முளைச்சுது, வேர் எவ்வளவு நீளம். மிச்சம் இருக்கற ரகம், விதையோட வயசு, வெயில், தண்ணி அளவு, துணி, டப்பா எல்லாத்தையும் எல்லா டப்பாவுக்கும் ஒரே மாதிரி புடிச்சு வைக்கணும், அதுங்கதான் கன்ட்ரோல் வேரியபிள்.

கன்ட்ரோல் வேற. அது ஒரு டப்பா. எல்லாம் அதே மாதிரி இருந்து உப்பு மட்டும் போடாத டப்பா. தமிழ்ல ரெண்டுக்கும் கட்டுப்பாடுன்னே எழுதுறதால நானும் இளங்கலைல ரொம்ப நாள் குழம்பிருக்கேன், அதனால மனசுக்குள்ள அத ஒப்பீட்டு டப்பான்னு சொல்லிக்க.

அது எதுக்குன்னா, நல்ல தண்ணிலயே பத்துக்கு பத்து முளைக்கும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. சான்று பெற்ற நெல்லு விதைக்கே குறைஞ்சது 80 சதவீத முளைப்புத்திறன் இருந்தா போதும்னுதான் விதி. இப்ப உப்பு டப்பால நூத்துக்கு 70 முளைச்சுதுன்னு வை, 100ல இருந்து பாத்தா 30 போச்சுன்னு தோணும், ஆனா உப்பே இல்லாத டப்பால 82தான் முளைச்சிருந்தா உப்பு கெடுத்தது 12தான். அந்த 82 உனக்கு எங்கேருந்து கிடைக்கும்? கன்ட்ரோல் வச்சாதான். அதோட உன் நல்ல தண்ணி எந்த தண்ணின்னு பாரு, நம்ம பக்கம் போர் தண்ணிலயே உப்பு இருக்கும், அத ஊத்துனா கன்ட்ரோலே உப்பு டப்பா ஆயிடும். மழைத்தண்ணியோ கேன் தண்ணியோ எடுத்துக்க, எல்லா கரைசலும் அதே தண்ணில கலக்கு.

இன்னொன்னு, இத நிறைய பேரு கவனிக்கறதில்ல. டப்பா காஞ்சா தண்ணி மட்டும்தான் ஆவியா போகும், உப்பு அங்கயேதான் இருக்கும். நீ மறுநாள் மறுபடி உப்புத்தண்ணிய ஊத்துனா உப்பு ஏறிக்கிட்டே போகும், அஞ்சாம் நாள் நீ கலந்த அளவு வேற, விதை குடிக்கற அளவு வேற. மூடி போட்டு வை, அப்பவும் குறைஞ்சா வெறும் தண்ணிய விட்டு பழைய எடைக்கு கொண்டு வா. ஸ்பூனும் வேண்டாம், தராசுல நிறுத்து ஒரு லிட்டருக்கு 0, 3, 6, 9 கிராம்னு போடு. கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, அதனால இந்த அளவுகள் நம்ம பக்கத்து கரிக்கற தண்ணிய நினைச்சு வைக்க சரியா வரும்.

ஹைப்பாத்திசிஸ்: "பாதிக்குமா"ங்கறது கேள்வி. கருதுகோள்னா நீ ஒரு பக்கம் நின்னு சொல்றது, தப்பா போறதுக்கு இடம் விட்டு சொல்றது. "உப்பு கூட கூட ஏழாம் நாள்ல முளைச்ச விதைகளோட வேர் நீளம் குறையும், ஏன்னா உப்புக்கரைசல்ல இருந்து விதையால தண்ணிய சுலபமா இழுக்க முடியாது, சோடியமும் உள்ள போய் கெடுக்கும்" இப்படி எழுது. எண்ணிக்கைய விட்டு வேர் நீளத்த சொன்னதுக்கு காரணம் இருக்கு. நெல்லு முளைக்கற நேரத்துல உப்ப ஓரளவு தாங்கும், இளம் நாத்து பருவத்துலதான் ரொம்ப அடி வாங்கும், அப்புறம் பூக்கும்போது மறுபடி. நீ முளைச்ச எண்ணிக்கைய மட்டும் எண்ணுனா 6 கிராம்ல கூட பெருசா வித்தியாசமே தெரியாம போகலாம்.

---

கடைமடை_விவசாயி:

பாப்பா, நான் காலேஜ் படிக்கல, திருத்துறைப்பூண்டி தாண்டி எங்க வயல். அந்த அக்கா சொன்னத வயல்ல எப்படி பாத்தேன்னு சொல்றேன்.

ஒரு வருஷம் சம்பாவுக்கு பஞ்சகவ்யா அடிச்சேன், மகசூல் நல்லா வந்துச்சு, எல்லார்கிட்டயும் பஞ்சகவ்யா பஞ்சகவ்யான்னு சொன்னேன். எங்க பெரியப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு, "இந்த வருஷம் ஆத்துல தண்ணி கடைசி வரைக்கும் வந்துச்சு, மழையும் பொய்க்கல, அடிக்காத வயல் எப்படி இருக்கு?" அடிக்காத வயலே எங்கிட்ட இல்ல, எல்லாத்துக்கும் அடிச்சிட்டேன். அன்னையிலேர்ந்து எத புதுசா போட்டாலும் நடுவுல ஒரு துண்டு போடாம விட்டுருவேன், அத தனியா அறுத்து தனியா தூத்தி தனியா நிறுப்போம். அந்த துண்டுதான் உங்க கன்ட்ரோல்.

ஆனா துண்ட எங்க விடுறதுங்கறதுல சூட்சுமம் இருக்கு. வாமடை, அதான் வயலுக்குள்ள தண்ணி நுழையற வாய், அது ஓரம் வண்டல் தங்கும், தண்ணியும் முதல்ல அதுக்குதான், வயலோட கடைசி மூலைல பயிரு எப்பவும் ஒரு பிடி குட்டைதான். வாமடை பக்கம் மருந்து போட்டு கடைசி மூலைய சும்மா விட்டா மருந்து ஜெயிச்ச மாதிரிதான் தெரியும். அதனால மேல ஒரு பாத்தி போட்டு ஒரு பாத்தி விட்டு, நடுவுல அதே மாதிரி, கீழயும் அதே மாதிரி விடணும், எத விடறதுன்னு சீட்டு குலுக்கி எடுத்தா இன்னும் நல்லது. உன் டப்பாவும் அப்படித்தான், ஜன்னல் பக்கம் இருக்கறது சூடா இருக்கும், தினம் இடத்த மாத்தி வை.

விதை விஷயமும் பாத்துக்க. புதுசா அறுத்த நெல்லு சில ரகம் கொஞ்ச நாள் உறங்கும், எவ்வளவு தண்ணி காட்டுனாலும் முளைக்காது. ஒரே மூட்டை, ஒரே நாள், அதுல பதர் எல்லாத்தையும் முட்டை மிதக்கற உப்புத்தண்ணில போட்டு ஒதுக்கிட்டு, அடியில தங்குனத நல்ல தண்ணில ரெண்டு மூனு தடவ அலசிட்டு அப்புறம் எடு. அலசாம விட்டா கன்ட்ரோல் டப்பாவுக்கும் உப்பு போயிடும்.

---

ஓய்வு_வாத்தியார்:

அம்மாடி, மூனாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, அதுதான் முக்கியமான கேள்வி. ஹைப்பாத்திசிஸ் தப்பானா மார்க் போகாது. அரிசி ஊர்க்காரங்க நமக்கு இதுக்கு ஒரு கதை இருக்கு.

ஜாவா தீவுல ஐக்மான்னு ஒரு டச்சு டாக்டர், கால் மரத்து நடக்க முடியாம போற பெரிபெரி நோய்க்கு கிருமிதான் காரணம்னு நம்பி நோயாளியோட ரத்தத்த கோழிகளுக்கு ஊசி போட்டாரு, பக்கத்துல ஊசி போடாத கோழிகளையும் வச்சாரு. கொஞ்ச நாள்ல ஊசி போட்டதும் தள்ளாடுது, போடாததும் தள்ளாடுது. அந்த போடாத கோழிங்க மட்டும் இல்லன்னா கிருமின்னே எழுதிட்டு போயிருப்பாரு. அப்புறம் கோழிங்க தானா தேறுச்சு, ஏன்னு விசாரிச்சா, அதுவரைக்கும் ஆஸ்பத்திரில மிஞ்சுன தீட்டுன வெள்ளை அரிசி சோறு போட்டுருக்காங்க, புதுசா வந்த சமையல்காரர் அத குடுக்க மாட்டேன்னதும் தீட்டாத அரிசிக்கு மாறிருக்கு. இதுக்கப்புறமும் ஐக்மான், வெள்ளை அரிசில ஒரு விஷம் இருக்கு, தவிடு அத முறிக்குதுன்னுதான் நினைச்சாரு. அதுவும் தப்பு. 1901ல கிரைன்ஸ்ங்கறவர்தான் தவிட்டுல இருக்கற ஏதோ ஒன்னு இல்லாததுதான் நோய்னு சொன்னாரு, இன்னைக்கு நாம வைட்டமின் பி1ங்கறது அதத்தான். ரெண்டு தடவ தப்பா நினைச்ச ஐக்மானுக்குத்தான் 1929ல நோபல் பரிசுல பங்கு கிடைச்சுது, ஏன்னா தப்புன்னு கண்டுபிடிக்கற மாதிரி சோதனை வச்சிருந்தாரு.

அடுத்தது நம்ம புழுங்கல் அரிசி. 1905 கடைசில கோலாலம்பூர் மனநல காப்பகத்துல பிளெட்சர்ங்கற டாக்டர் ஆளுங்கள வரிசையா எண்ண வச்சு ஒத்தைப்படை ஒரு வார்டு, ரெட்டைப்படை எதிர் வார்டுன்னு பிரிச்சாரு. ஒரு பக்கம் சயாம் (இப்ப தாய்லாந்து) பச்சரிசி, இன்னொரு பக்கம் இந்தியாவுல இருந்து போன புழுங்கல் அரிசி, மத்த சாப்பாடெல்லாம் ஒன்னு. பச்சரிசி பக்கம் பெரிபெரி வந்து ஆளுங்க செத்தாங்க, புழுங்கல் பக்கம் புதுசா யாருக்கும் வரல. வார்டு கட்டடத்துலயே கோளாறு இருந்தாலோன்னு நடுவுல ரெண்டு கூட்டத்தையும் வார்டு மாத்தி பாத்தாரு, அரிசிய மாத்தல, நோய் பச்சரிசி பின்னாடியேதான் போச்சு. நெல்ல ஊற வச்சு அவிக்கும்போது தவிட்டு சத்து அரிசிக்குள்ள இறங்குதுன்னு பின்னாடி புரிஞ்சுது. வாய் திறந்து மறுக்க முடியாத மனுஷங்க மேல இப்படி செஞ்சது இன்னைக்கு எந்த குழுவும் அனுமதிக்காது, அதையும் நான் வகுப்புல சொல்லாம விடமாட்டேன்.

உன் டப்பாவ ஜன்னல் பக்கமும் சுவத்து பக்கமும் மாத்தி வைக்கறது அந்த வார்டு மாத்துன வேலைதான்மா.

---

மன்னை_பொண்ணு:

அக்கா, அண்ணே, ஐயா மூனு பேருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி பூரா இத திரும்ப திரும்ப படிச்சேன். புதுசா இப்படி எழுதிருக்கேன், பாத்து சொல்லுங்க.

ஆடுதுறை 43 மட்டும், ஒரே மூட்டை, அலசி எடுத்தது. 0, 3, 6, 9 கிராம், அயோடின் கலக்காத கல்லு உப்பு, கேன் தண்ணி. ஒவ்வொரு அளவுக்கும் நாலு டப்பா, டப்பாவுக்கு 25 விதை, மொத்தம் 400. எல்லாம் ஒரே ரூம், மூடி போட்டு, தினம் சீட்டு குலுக்கி இடம் மாத்துவேன். ஏழாம் நாள் எண்ணிக்கை, வேர் நீளம். மாப்பிள்ளை சம்பாவ ஆசையா இருந்தாலும் இப்போதைக்கு விட்டுட்டேன்.

ஒரு சந்தேகம், நுனில வெள்ளையா லேசா தெரிஞ்சாலே முளைச்சதா எண்ணலாமா?

---

செடி_அக்கா:

முதல் நாளே ஒரு அளவ நோட்டுல எழுதிடு, வேர் 2 மில்லிமீட்டர் வந்தா முளைச்சது, இல்லன்னா இல்ல. எண்ணும்போது முடிவு பண்ணுனா உப்பு டப்பால கறாரா இருப்ப, நல்ல தண்ணி டப்பால தாராளமா இருப்ப, அது நமக்கே தெரியாம நடக்கும். அதனால உன் தம்பிய விட்டு மூடில 1 முதல் 16 வரைக்கும் நம்பர் ஒட்ட சொல்லு, எது எந்த உப்புங்கற சீட்டு அவன்கிட்டயே இருக்கட்டும், தண்ணி குறைஞ்சா எல்லாத்துக்கும் வெறும் தண்ணிதான விட போற, அதனால உனக்கு தெரிய வேண்டிய அவசியமும் இல்ல. எண்ணி அளந்து எழுதி முடிச்சப்புறம் அந்த சீட்ட வாங்கி பாரு. மாப்பிள்ளை சம்பாவ அடுத்த செமஸ்டர்ல எடு, அப்ப உப்பு ஒரு மாறி, ரகம் ஒரு மாறின்னு ரெண்டையும் திட்டம் போட்டு மாத்தலாம், களர் மண்ணுக்குன்னே வந்த திருச்சி 1 ரகமும் கிடைச்சா கூட சேத்துக்க.