அட்டிக்கில் ரேடியன்ட் பேரியர்: பஞ்சுக்கு மேலேயே விரித்துவிடலாமா?

கேள்வி (கேட்டி, டெக்சஸ்)
வணக்கம். ஹூஸ்டன் பக்கம் 2004-இல் கட்டிய மாடி வீடு எங்களுடையது. மாலை நான்கு மணிக்கு மேல் மாடியறைகளில் இருக்க முடியவில்லை, ஏசி நிற்காமல் ஓடுகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அங்கேதான் படுக்கிறார். இரவு பதினொன்றுக்கும் மேலேயிருந்து அனல் இறங்குகிறது என்கிறார். பார்க்க வந்த காண்ட்ராக்டர், அட்டிக் (கூரைக்கும் மாடியறை உட்கூரைக்கும் நடுவிலுள்ள இடம்) தரையில் உள்ள வெப்பத்தடுப்புப் பஞ்சுக்கு மேல், ரேடியன்ட் பேரியர் எனப்படும் பளபளப்பான அலுமினியத் தாளை விரித்தால் போதும், அரைநாள் வேலை, கரண்ட் பில் பாதியாகும் என்கிறார். நம்பலாமா?

பதில் (சான் அன்டோனியோ)
தயவுசெய்து விரிக்க விடாதீர்கள். 2016-இல் நான் அப்படித்தான் செய்தேன். முதல் கோடையில் வித்தியாசம் தெரிந்தது. இரண்டு வருடத்தில் தாள் முழுக்கத் தூசி. தூசி படிந்தால் பளபளப்பு போய்விடும், அது போனால் வேலையும் போச்சு.

வெயிலில் காயும் கூரைப் பலகை, அடுப்புத் தணல் மாதிரி கீழ்நோக்கி வெப்பத்தை வீசுகிறது. கூரையைத் தாங்கும் சாய்வு மரச்சட்டங்களான ராஃப்டர்களின் அடிப்பக்கம், பளபளப்பு கீழே பார்க்க, ஸ்டேப்ளரால் தாளை அடியுங்கள். தூசி மேல்பக்கம்தான் விழும். தாள் சூடானாலும் பளபளப்பான முகம் அந்தச் சூட்டைக் கொஞ்சம்தான் வெளியே விடும். ஆனால் அந்த முகத்துக்கு எதிரே காற்று இடைவெளி இருந்தே ஆக வேண்டும். எதையாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் உலோகம், சூட்டை அப்படியே கடத்தும்.

இன்னொன்று, நம் டெக்சஸ் பக்கத்து வீடுகளில் ஏசி டக்ட் (குளிர்காற்றுக் குழாய்) அட்டிக்குக்குள்ளேயே ஓடுகிறது. தரையில் விரித்த தாள் டக்டுக்குக் கீழே கிடக்கும், அதனால் டக்டுக்கு ஒரு பயனும் இல்லை. ராஃப்டரில் அடித்தால் டக்டும் நிழலில் இருக்கும்.

பில் பாதியாகாது. வெயில் அதிகமுள்ள இடங்களில் குளிரூட்டும் செலவு 5 முதல் 10 சதவீதம் குறையலாம் என்பதுதான் அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு.

பதில் (டாலஸ்)
அண்ணா சொன்னது சரி. ஆனால் தாள் வாங்கும் முன் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, பஞ்சு எத்தனை அங்குலம் என்று பாருங்கள். ஊதிப் போட்ட ஃபைபர்கிளாஸ் என்றால் ஆர்-38 (வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு) கிடைக்கச் சுமார் 15 அங்குலம் வேண்டும். எங்கள் வீட்டில் பஞ்சு கூட்டியதும், டக்ட் இணைப்புகளை மாஸ்டிக் என்ற அடைப்புப் பசை பூசி அடைத்ததும்தான் பெரிய மாற்றம் தந்தன.

கேட்டவர்
இன்று காலை ஏறிப் பார்த்தேன். பஞ்சு ஆறே அங்குலம். அம்மா அறைக்கு மேலே டக்ட் இணைப்பு கழன்று, குளிர்காற்று அட்டிக்குக்குள் போய்க்கொண்டிருக்கிறது! முதலில் அதைச் சரி செய்கிறேன். தாளை நானே அடிக்கலாமா?

பதில் (சான் அன்டோனியோ)
அடிக்கலாம், ஆனால் அக்டோபருக்குப் பிறகு, விடியற்காலையில். உட்கூரையான ஜிப்சம் போர்டில் கால் வைத்தால் நேரே கீழ் அறைக்குப் போய்விடுவீர்கள், அட்டிக் தரையின் மரச்சட்டங்களான ஜாய்ஸ்டுகள் மேல் பலகை போட்டு நில்லுங்கள். ஷிங்கிள் (கூரை மேல் அடித்த தகடு) ஆணி முனைகள் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும், ஹெல்மெட் அவசியம். துளையிட்ட தாளாக வாங்குங்கள், ஈரம் தங்காது. முகட்டிலும் கூரை ஓரத்திலும் காற்றுவழியை மூடாமல் விடுங்கள். அலுமினியம் மின்சாரம் கடத்தும், தோல் உரிந்த வயர் இருந்தால் எலெக்ட்ரீஷியன் வந்து பார்க்கும் வரை தாளைத் தொடாதீர்கள்.

பஞ்சு ஊதுகிற அன்று அம்மாவைக் கீழ் அறையில் தங்க வையுங்கள். அந்தத் தூசி தொண்டையை அறுக்கும்.