சென்னையிலிருந்து டெல்லிக்கு நாயை ரயிலில் அழைத்துச் செல்வது எப்படி?

மயிலைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்குப் பணிமாற்றல் வந்திருப்பதால், மே மாதக் கடைசியில் நாங்கள் இருவரும் சென்னையிலிருந்து டெல்லிக்குக் குடிபெயர இருக்கிறோம். எங்கள் நாய் மணியையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அவன் நாட்டு நாய்; வயது 6, எடை 22 கிலோ. வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் பழக்கம் அவனுக்கு அறவே கிடையாது. அந்நியர் நெருங்கினால் உறுமுவானே தவிர, இதுவரை யாரையும் கடித்ததில்லை. இந்த எடையுள்ள நாயை விமானத்தின் சரக்கறையில்தான் ஏற்றுவார்கள் என்பதால் அந்த எண்ணத்தை விட்டுவிட்டோம்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டடுக்கு ஏசி வகுப்பில் சீட்டு எடுத்தால் மணியை எங்கள் காலடியில் படுக்க வைத்துக்கொள்ள விடுவார்களா? இல்லையென்றால் கார்டு பெட்டியில் (ரயிலின் கார்டு பயணிக்கும் பெட்டி) இருக்கும் நாய்க்கூண்டில் அனுப்பலாமா? ஒன்றரை நாள் பயணம் என்பதால் தூக்க மாத்திரை கொடுத்துவிடச் சொல்கிறார் உறவினர் ஒருவர். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

தண்டவாளம்

சகோதரிக்கு வணக்கம். இரண்டடுக்கு ஏசி, மூன்றடுக்கு ஏசி, ஸ்லீப்பர், உட்காரும் வசதி கொண்ட பெட்டிகள் ஆகிய எதிலும் வளர்ந்த நாயை உடன் வைத்துக்கொள்ள ரயில்வே விதிகள் இடம் தருவதில்லை. கூடையில் அடங்கும் குட்டிகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. பதிவு செய்யாமல் ஏற்றிச் சென்று பிடிபட்டால், லக்கேஜ் கட்டணத்தைப் போல ஆறு மடங்கு வசூலிப்பார்கள். முதல் வகுப்பு ஏசியில் மட்டும், இரண்டு படுக்கைகள் கொண்ட கூபேயோ நான்கு படுக்கைகள் கொண்ட கேபினோ முழுவதும் உங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தால், நாயை உடன் வைத்துக்கொள்ளலாம். நீங்கள் இருவர் மட்டுமே என்பதால் கூபே போதும். மூவராக இருந்திருந்தால் நான்கு படுக்கைகளுக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கும்.

பலரும் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இணையத்தில் முதல் வகுப்பு ஏசிச் சீட்டு உறுதியானாலும், அது கூபேயா, வேறு இருவரோடு பகிர வேண்டிய கேபினா என்பது சார்ட் (படுக்கை ஒதுக்கீட்டுப் பட்டியல்) தயாராகும்போதுதான் தெரியும். ஒரு பெட்டியில் கூபேக்கள் சிலவே இருக்கும். அவற்றைக் கேட்போர் பலர். எனவே சீட்டு உறுதியான கையோடு, பி.என்.ஆர். எண்ணையும் நாயுடன் பயணம் செய்வதையும் குறிப்பிட்டு, கூபே ஒதுக்கித் தருமாறு கோட்ட அலுவலகத்தின் வணிகப் பிரிவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி நேரில் கொடுத்துவிடுங்கள். அதன் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கூபே கிடைக்காமல், கேபினைப் பகிரும் பயணி ஆட்சேபித்தால், நாயைக் கார்டு பெட்டிக்கு மாற்றிவிடுவார்கள். கட்டிய பணமும் திரும்ப வராது.

கூபே உறுதியான பிறகு, பயணச்சீட்டு, தடுப்பூசிப் புத்தகம், கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றிதழ் ஆகியவற்றோடு மணியையும் அழைத்துக்கொண்டு சென்ட்ரலில் உள்ள பார்சல் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். அங்கே கட்டணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். ரயில் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள். கூட்டமும் டிராலிகளின் ஓசையும் நாயை மிரட்டும் என்பதால், வாய்ப்பூட்டையும் குட்டையான கயிறையும் அங்கேயே போட்டுவிடுங்கள்.

நாய்க்கூண்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது கார்டு பெட்டியை ஒட்டி இருக்கும் சிறிய இரும்பு அறை, ஏசி கிடையாது. வழியில் சோறும் தண்ணீரும் கொடுப்பது உரிமையாளரின் பொறுப்பு. முதல் வகுப்புப் பெட்டி ரயிலின் ஒரு கோடியிலும் கூண்டு மறுகோடியிலும் இருந்தால், சில நிமிடம் மட்டுமே நிற்கும் நிலையங்களில் நீங்கள் ஓடிப் போய்த் திரும்புவது நடக்காத காரியம். மே மாத வெயிலில், ஒரு ஜீவனை அதற்குள் அடைத்து மத்திய இந்தியாவைக் கடக்க வைப்பதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். கூபே கிடைக்காவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

கால்நடை மருத்துவர், நாமக்கல்

தூக்க மாத்திரை வேண்டாம் அம்மா. மயக்க மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைப்பதோடு, உடல் தன் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் திறனையும் தளர்த்திவிடும். நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. மயக்கத்தில் இருக்கும் நாயால் சரியாக மூச்சிரைக்க முடியாது. மணி மிகவும் பதற்றப்படும் இயல்புடையவன் என்றால், உங்கள் மருத்துவரிடம் நேரில் காட்டி, பதற்றத்தைத் தணிக்கும் வேறு மருந்தைக் கேளுங்கள். அதையும் பயணத்துக்கு முன்பே வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பார்த்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

புறப்படுவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பு அரைவயிறு உணவு போதும். தண்ணீரைச் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள். உடல்நலச் சான்றிதழைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன்பு வாங்கினால் போதும். ஆனால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி காலாவதியாகியிருந்தால் அதை இப்போதே போட்டுவிடுங்கள்.

நாக்கு சிவந்து, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, காற்றுப் படும்படி விசிறுங்கள்; உடனே மருத்துவ உதவியை நாடுங்கள்.

மயிலைவாசி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாத்திரை எண்ணத்தைக் கைவிட்டோம், விண்ணப்பத்தையும் எழுதிவிட்டேன். ஒரு கவலை மட்டும் மீதமிருக்கிறது. ஒன்றரை நாள் அவன் சிறுநீரை அடக்கிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது?

யமுனைக்கரைத் தமிழன்

எங்கள் நாயுடன் இதே வண்டியில் நாங்களும் டெல்லிக்கு வந்தவர்கள்தான். இரவு பத்து மணியளவில் சென்ட்ரலில் புறப்படும் வண்டி மறுநாள் விடியற்காலையில் விஜயவாடாவையும், பிற்பகலில் நாக்பூரையும், இரவில் போபாலையும் அடைகிறது. இவற்றுள் விஜயவாடாவும் போபாலும்தான் உங்களுக்கு உகந்தவை. நாக்பூரில் மே மாதப் பிற்பகல் வெயில் 45 டிகிரியைத் தொடும். நடைமேடையின் தரையில் உங்கள் உள்ளங்கையைச் சில நொடிகள் வைத்திருக்க முடியவில்லை என்றால், நாயின் பாதமும் அங்கே வெந்துபோகும். தூண் ஓரத்தில் நாய் மோந்து பார்க்கத் தொடங்கும் முன்பே வண்டி கிளம்பிவிடக்கூடும் என்பதால், ஒருவர் படிக்கட்டிலேயே நின்று சிக்னலைக் கவனிக்க வேண்டும். இறங்கும்போது பெட்டிக்கும் நடைமேடைக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பார்த்து நாய் பின்வாங்கும். கயிற்றைப் பிடித்து இழுக்காமல் மார்பையும் பின்னங்காலையும் தாங்கித் தூக்கி இறக்குங்கள்.

நிலையங்களை மட்டும் நம்பாதீர்கள். செல்லப்பிராணிகளுக்கான உறிஞ்சும் விரிப்பு ஒன்றை வாங்கி, அவனுடைய சிறுநீர் பட்ட மண்ணை அதன்மேல் சிறிது தூவி, இன்றிலிருந்தே மொட்டைமாடியில் பழக்குங்கள். பழகிவிட்டால் அதே விரிப்பைக் கூபேயின் மூலையில் போட்டுவிடலாம். அவன் வழக்கமாகப் படுக்கும் பழைய போர்வையைத் துவைக்காமல் எடுத்து வாருங்கள். ரயில்வே கொடுக்கும் வெள்ளை விரிப்புகளில் அவனைப் படுக்க வைக்காதீர்கள், அடுத்து வருபவருக்கு ஒவ்வாமை இருக்கலாம்.

கணவர் மட்டும் முன்னதாகப் பணியில் சேர்ந்துகொண்டு, பருவமழை தொடங்கி வெயில் தணிந்த பிறகு ஜூலைக் கடைசியில் வந்து உங்களையும் மணியையும் அழைத்து வர முடியுமானால், அதுவே எல்லாவற்றிலும் சிறந்தது. டெல்லியில் வளர்ப்பு நாயை மாநகராட்சியில் பதிவு செய்வது கட்டாயம். அதற்கும் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள் என்பதால், அந்தப் புத்தகத்தைப் பெட்டிகளோடு லாரியில் போட்டு அனுப்பாமல் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

மயிலைவாசி

ஜூலைப் பயணத்துக்கு வீட்டில் அனைவரும் சம்மதித்துவிட்டார்கள். முன்பதிவு தொடங்கும் நாளிலேயே சீட்டு எடுத்துவிடுகிறோம். விரிப்புப் பழக்கத்தை இன்று மாலையே தொடங்குகிறேன்.