வீட்டு நெட்டை ஆறு கருவிகள் பகிர்வதில் சிக்கல், வழி சொல்லுங்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். கேபிள்காரரிடம் வாங்கிய 30 எம்பிபிஎஸ் இணைப்பு, அப்லோடு 5தான். மூன்று போன், இரண்டு லேப்டாப், ஒரு டிவி. மூன்று வாரமாக மாலை 7 மணிக்கு மேல் மகளின் ஆன்லைன் வகுப்பு நின்று நின்று வருகிறது. நேற்று கணக்கு டீச்சர் கேட்ட கேள்விக்கு இவள் வாய் திறப்பதற்குள் படம் அப்படியே நின்றுவிட்டது. பாவம், அழுதேவிட்டாள்.

ரவுட்டர் அவர்கள் கொடுத்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். சேனலை 1, 6, 11 என்று மாற்றிவிட்டேன், ரீசெட்டும் செய்தாயிற்று. லேன் கேபிள் செருகினாலும் இதே நிலைதான், அதனால் வைஃபை காரணமில்லை என்று நினைக்கிறேன். அப்புறம் ஒன்று கவனித்தேன்: யாருடைய போனிலாவது போட்டோ பேக்கப் ஓடினால் பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) 20-லிருந்து 600 மில்லிசெகண்டுக்கு ஏறுகிறது, நிறுத்தினால் உடனே இறங்குகிறது.

பேக்கப்தான் அப்லோடை அடைக்கிறது போல, ஆனால் இந்த ரவுட்டரில் க்யூஓஎஸ் (எதற்கு முன்னுரிமை, எதற்கு எவ்வளவு வேகம் என்று பிரித்துக் கொடுப்பது) வசதி இல்லை. அப்லோடுக்கு வரம்பு வைக்க முடிகிற ரவுட்டர் 3,000 ரூபாய்க்குள் எது வாங்கலாம்?