சிலம்பம் ஜோடி ஆட்டம்: போக்குக் காட்டுறது எதுவரை சரி?

பொருநைக்கரை:
கோயில் கொடைக்கு ஆட்டம் பழக்குற அண்ணாச்சிமாருக்கு ஒரு கேள்வி. மேலே ஓங்கிட்டு முழங்கால்ல தட்டினா திறமைன்னு கைதட்டுதோம். அதே பயல் "பொறு"ன்னு கையைத் தூக்கி, எதிராளி கம்பைத் தாழ்த்தினதும் தோள்ல தொட்டா திட்டுதோம். ரெண்டுமே ஏமாத்துதான, இதுல என்ன நியாயம்னு பெரிய பயலுவ கேக்காங்க. "தப்புன்னா தப்பு"ன்னு சொன்னா ஒத்துக்க மாட்டேங்காங்க. எதை விடலாம், எதை நிறுத்தணும்?

வடக்குவாசல்:
கம்பும் காலும் கண்ணும் சொல்லும் பொய்யை எதிராளி நம்பியாக வேண்டியதில்லை. அதைச் சந்தேகப்படத்தான் அவன் காவல் பிடித்து நிற்கிறான். தூக்கிய கையை மட்டும் அவன் நம்பியே ஆகணும், அப்படித்தான் நாம் பழக்கியிருக்கிறோம். அதை ஒருமுறை தூண்டிலாக்கிவிட்டால், நாளைக்கு விரல் நசுங்கி ஒருவன் நிஜமாகக் கை தூக்கும்போது எதிராளி அரை நொடி யோசிப்பான். அதற்குள் அடி இறங்கிவிடும். சலாம் வரிசை (ஆட்டம் தொடங்குமுன் வைக்கும் வணக்கம்) முடியுமுன் வீசுவது, நொண்டுவதாக நடிப்பது, பாதி வேகம் என்று பேசிவிட்டு முழு வேகத்தில் இறக்குவது எல்லாம் இதே கணக்குதான். பீமன் துரியோதனன் தொடையில் அடித்ததும் பலராமர் கொதித்தது ஏன்? நாபிக்குக் கீழே அடிப்பதில்லை என்பது கதாயுத்தத்தில் இருவரும் ஏற்று நின்ற விதி.

அடிமுறைக்காரன்:
எனக்கு இது முழுசா ஒப்பல. நாம கத்துக் குடுக்கது தற்காப்புக்கு. ரோட்டுல கத்தியோட வாறவன் சலாம் போட்டுட்டா வருவான்? எல்லா ஏமாத்தையும் பயலுவ பார்த்துப் பழகட்டும்.

வடக்குவாசல்:
ரோட்டில் மண்ணை வாரி வீசினாலும் நொண்டுவதாக நடித்தாலும் குற்றமில்லை அண்ணாச்சி. அவன் நம்மோடு எதுவும் பேசி வைத்துக்கொண்டு வரவில்லை. அதைப் பழக்கவும் வேணும். ஆனால் தனிப் பயிற்சியாக, "இப்போ எது வேணாலும் வரும்" என்று முதலிலேயே சொல்லி, ஸ்பாஞ்சு சுற்றிய கம்பில் பழக்குங்க.

கம்புக்கூடம்:
நியாயம் பேசியாச்சு. போக்குக் காட்டுவதை ஒழுங்காகப் பழக்காவிட்டால் அதுவே மண்டையை உடைக்கும்.

காட்டும் அடியில் முன்னால் இருக்கும் கையின் முழங்கை மடங்கியே இருக்கணும், முன்கால் அரை அடி மட்டும் போகணும், எடை பின்காலில். முழுக்க நீட்டினால் நிறுத்த முடியாது, பொய்யடி நிஜ அடியாக விழும். ரொம்ப வேகமாகக் காட்டினாலும் பயனில்லை. எதிராளி கண்ணில் பட்டு, அவன் கம்பு நகர ஆரம்பித்த பிறகுதான் மாற்றணும். புதுப் பயலுவ இந்த இடத்தில்தான் பொறுக்க மாட்டாங்க.

மேலே காட்டிக் கீழே அடிப்பதை முதலில் பழக்குங்க, முட்டியில் பேட் கட்டி, பாதி வேகத்தில். கீழே காட்டி மேலே அடிப்பது ஆபத்து. காலைக் காக்கக் குனியும்போது தலையும் கூடவே இறங்கும், தோளுக்கு வைத்த அடி கண்ணிலோ பல்லிலோ விழும். வலை முகப்பு வைத்த ஹெல்மெட் இல்லாமல் அதை ஆட விடவே கூடாது. முகத்துக்கு நேரே குத்து காட்டுவதும் அப்படித்தான், பயந்தவன் பின்னால் போகாமல் கம்பு மேலேயே வந்து விழுவான்.

கம்பையும் ஆட்டத்துக்கு முன் பாருங்க. ரெண்டு கம்பையும் சேர்த்து நிறுத்தி, நீளம் சரியா, நுனியில் பூண் (உலோக வளையம்) இருக்கா, சிம்பு பிளந்திருக்கா என்று கையால் தடவிப் பார்த்தால் போதும்.

பொருநைக்கரை:
பட்டதை "படல"ன்னு சாதிக்கிறவனை என்ன செய்ய அண்ணே?

கம்புக்கூடம்:
பொய்யடியைவிட அதுதான் கூடத்தைக் கெடுக்கும். படலைன்னு சொன்னால் எதிராளி அடுத்த தடவை உறைக்கிற மாதிரி அடிப்பான், ஆட்டம் சண்டையாகும். நுனியில் துணி சுற்றிக் கரித்தூள் தொட்டு, ரெண்டு பேருக்கும் வெள்ளைப் பனியன் போட்டு விடுங்க, தடம் தெரியும். சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பட்டவனே "பட்டுச்சு" என்று சொல்லிக் கம்பைத் தாழ்த்தணும், தொட்டவன் வாய் திறக்கக் கூடாது. சாதிக்கிறவனை ரெண்டு சுற்று வெளியே உட்கார வைத்து, மற்றவங்க ஆட்டத்துக்குத் தொடு, அதாவது கம்பு பட்ட கணக்கு, எண்ணச் சொல்லுங்க.

கை தூக்கி ஏமாற்றினவனுக்கு அந்தத் தொடு கணக்கில் வராது, அன்றைக்கு ஜோடி ஆட்டமும் கிடையாது.